முத்துநகரில் ஓர் அரை நாள்

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை எல்லாருக்கும் தெரியும். அது எங்கள் வகுப்புக்கு அப்படியே பொருந்தும். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், இவ்வாண்டு கல்விச் சுற்றுலாவுக்குக் கொடைக்கானல் செல்ல வேண்டும் என்று மதரிடம் விண்ணப்பம் கொடுத்தோம். "அரசுத் தேர்வு நெருங்குகிறது. இரண்டு நாள் தர முடியாது. அரை நாள் தருகிறேன், நம் தூத்துக்குடியைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார்கள் மதர். எங்கள் முகங்கள் வாடிவிட்டன. தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தூத்துக்குடியைச் சுற்றிக் காட்ட ஒரு பஸ்ஸா என்று கடைசிப் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். ஆனால் பஸ் செல்லும் வழியை வகுப்பாசிரியை கரும்பலகையில் எழுதியபோது, கடைசி இடத்தைப் படித்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் காரணத்தைப் பின்னர் கூறுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிற்றாலயத்தில் செபம் செய்துவிட்டுப் பள்ளிப் பேருந்தில் ஏறினோம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர்கள், எம் பள்ளியில் முன்பு படித்து, பிறகு வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார்கள். "பிள்ளைகளே, இந்த ஊரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், கேட்டதில்லை. இன்றைக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வி என்ன என்று ரோச் பூங்காவில் சொல்லுகிறேன்" என்றார்கள். பஸ் புறப்பட்டது.

பஞ்சு வந்த பாதை

முதலில் சென்ற சாலை நாங்கள் தினமும் நடக்கும் சாலைதான். இன்று வ.உ.சி. சாலை எனப்படும் இதைப் பெரியவர்கள் இன்னும் கிரேட் காட்டன் ரோடு என்றே அழைக்கிறார்கள். அது ஏன் என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை. காட்டன் என்றால் பஞ்சு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி, மாட்டு வண்டிகளில் இவ்வழியாகத் துறைமுகம் வந்து கப்பலேறியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு வருவது தடைப்பட்டது. இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பஞ்சை நாடின. எங்கோ நடந்த போரினால் நம் கரிசல் காட்டுப் பருத்திக்கு விலை ஏறியது. 1866-ல் தூத்துக்குடி நகராட்சி ஆயிற்று. 1876-ல் ரயில் பாதையும் வந்து சேர்ந்தது. 2008-ல் மாநகராட்சி ஆனதை எங்கள் பெற்றோர் நன்கு அறிவார்கள்.

இரு தேவாலயங்கள்

அடுத்து கடற்கரைச் சாலையில் இறங்கினோம். தூய பனிமய மாதா பேராலயத்துக்கு ஆண்டுதோறும் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடைபெறும் திருவிழாவுக்கு வராதவர் எங்களில் இல்லை. 2023-ல் தங்கத்தேர் பவனி வந்தபோது கூட்டத்தில் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இப்போதைய ஆலயம் 1713-ல் திறக்கப்பட்டது என்பதும், 1982-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது என்பதும் அன்றுதான் என் குறிப்பேட்டில் ஏறின.

"1713-ல் இந்த ஊரை ஆண்டவர்கள் யார்?" என்று டீச்சர் கேட்டார்கள். "போர்த்துக்கீசியர்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். தவறு! போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-லேயே டச்சுக்காரர் ஊரைப் பிடித்துவிட்டனர். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். அவர்கள் அதிகாரத்தில் இருந்த காலத்தில்தான் இம்மக்கள் தங்கள் மாதாவுக்கு இவ்வளவு பெரிய ஆலயத்தை எழுப்பினார்கள். புனித சவேரியார் 1542-ல் இக்கரையில் காலடி வைத்து வளர்த்த விசுவாசம், ஆட்சி மாறியதும் அழிந்துவிடவில்லை.

சற்றுத் தொலைவில் டச்சுக்காரர் 1750-ல் தமக்காகக் கட்டிய தேவாலயம் இருக்கிறது. இன்று அது பரிசுத்த திரித்துவ ஆலயம் எனப்படுகிறது. அதன் முன்னே நின்று டீச்சர் ஒரு புதிர் போட்டார்கள். "வி.ஓ.சி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு இந்த ஊரில் எத்தனை பொருள்?" ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும்: வ.உ.சிதம்பரம் பிள்ளை. டீச்சர் சிரித்தார்கள். 1602-ல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரையும் டச்சு மொழியில் சுருக்கினால் வி.ஓ.சி. என்றே வரும். கடல் வணிகத்தைத் தன் பிடிக்குள் வைத்திருந்த ஓர் அந்நியக் கம்பெனிக்கும், அதே கடலில் அந்நியக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்ட தமிழருக்கும் ஒரே எழுத்துகள்! என் தோழி இதைக் கேட்டதும் கைதட்டிவிட்டாள்.

சங்கர ராமேசுவரர் கோயில் கோபுரத்தைப் பஸ்ஸில் இருந்தபடியே கண்டோம். கடல் வழியாக வணிகம் நடக்கும் ஊரில் எல்லா மதத்தாரும் அடுத்தடுத்து வாழ்வது இயல்பு என்றார்கள் டீச்சர்.

பழைய துறைமுகம்

பழைய துறைமுகத்தில் மரத்தோணிகள் கட்டிக் கிடந்தன. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணிகள் அவை. இங்கே கடல் ஆழமற்றது. ஆகவே அக்காலத்தில் பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் படகில்தான் கப்பலுக்குப் போயாக வேண்டும். கொழும்புக்குப் போவோர் இங்கே ரயிலில் வந்திறங்கிக் கப்பலேறினார்கள். 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி வழியும் திறந்தபின் அந்தப் பயணிகள் கூட்டம் அங்கே சென்றுவிட்டது. 2011-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மீண்டும் பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில மாதங்களிலேயே நின்றுபோனது.

இந்தக் கரையில்தான் வ.உ.சி. அவர்கள் 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். 1907-ல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஒரு கட்டத்தில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலை நிறுத்தம் செய்தனர். வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார், தொழிலாளர் வென்றனர். மார்ச் 12 அன்று அவர் கைது செய்யப்பட்டார். சிறையில் செக்கிழுத்தார். அவர் வெளியே வந்தபோது சங்கமும் இல்லை, கப்பல்களும் இல்லை. 1936 நவம்பர் 18 அன்று இதே ஊரில் காலமானார். பாடநூலில் இதைப் பலமுறை படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். தோணிகளின் அருகில் நின்று கேட்டபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை.

ரோச் பூங்காவில் முத்துப் பாடம்

ஒன்பதரை மணிக்கு ரோச் பூங்காவில் அமர்ந்து இட்லி உண்டோம். 1923-ல் தூத்துக்குடி மறைமாவட்டத்தின் முதல் ஆயரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையின் பெயர் தாங்கிய பூங்கா அது. முட்டை வெண்கரு, சர்க்கரை, முந்திரி சேர்த்துச் செய்யும் நம் ஊர் மக்ரூனை வகுப்பாசிரியை ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள்.

அப்போது டீச்சர் துணிப்பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்தார்கள். ஒன்று சங்கு, மற்றொன்று முத்துச்சிப்பி. முத்துநகரில் வாழும் எங்களில் பாதிப்பேர் முத்துச்சிப்பியைக் கையில் தொட்டது அன்றுதான். வெளியே கரடுமுரடு, உள்ளே நிலவொளி போன்ற பளபளப்பு. மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது கதை. உண்மையில் ஒட்டுண்ணி போன்ற ஏதேனும் ஒன்று உள்ளே புகுந்து உறுத்தும்போது, சிப்பி தன் ஓட்டின் உட்பக்கத்தை உண்டாக்கும் அதே பொருளால் அதைப் படலம் படலமாக மூடிவிடுகிறது. அதுவே முத்து.

பாண்டியரின் கொற்கை முத்து அயல்நாடுகள் வரை புகழ்பெற்றது. கடல் பின்வாங்கியதால் அந்தக் கொற்கை இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தாமிரபரணிப் பக்கத்தில் ஒரு சிற்றூராக இருக்கிறது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு, இங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் கூறுகிறது.

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் தளத்தைப் 'பார்' என்பார்கள். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் பார் இருக்கும். முத்துக் குளிப்பவர் கனமான கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கிக் கீழே இறங்குவார். ஒரு நிமிடம் அளவே அவருக்கு நேரம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் திணித்துக்கொண்டு கயிற்றை இழுப்பார். படகில் இருப்பவர் உடனே மேலே தூக்க வேண்டும். சுறா வராமல் மந்திரம் சொல்ல 'கடல்கட்டி' என்று ஒருவரும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு.

"என் தகப்பனார் முத்துக் குளித்தவர் அல்லர், கயிறு பிடித்தவர்" என்றார்கள் டீச்சர். "1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் என் தாய்மாமன் கீழே போனார், அப்பா மேலே கயிறு பிடித்தார். மைத்துனன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள். அவன் அசந்தால் அக்காளோ தங்கையோ தாலி இழப்பாள் அல்லவா? முத்தைப் பற்றி எழுதியவர்கள் அதை அணிந்த ராணியைப் பற்றி எழுதினார்கள். சிலர் குளித்தவரைப் பற்றியும் எழுதினார்கள். கயிறு பிடித்தவரைப் பற்றி எழுதியவர் குறைவு. பிள்ளைகளே, இன்று நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இங்கே கயிறு பிடிப்பவர் யார்?"

1961-க்குப் பிறகு நம் கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். சிப்பிக்குள் ஒரு சிறு மணியையும், மற்றொரு சிப்பியின் திசுத் துண்டையும் வைத்துவிட்டால், சிப்பி அம்மணியைப் படலமிட்டு முத்தாக்குகிறது. சங்கு குளிப்போர் இன்றும் கடலில் இறங்குகிறார்கள். அச்சங்கு வங்காளம் சென்று மணப்பெண்ணின் வளையலாகிறது.

புதிய துறைமுகம்

முன் அனுமதி பெற்றிருந்ததால் புதிய துறைமுகத்துக்குள் எங்களை விட்டார்கள். 1974 ஜூலை 11 அன்று இது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் வ.உ.சி. பெயர் சூட்டப்பட்டது. கப்பல் விட்டு, சிறையும் சென்றவரின் பெயரை இன்று இங்கே நுழையும் ஒவ்வொரு கப்பலும் சொல்லியாக வேண்டும்! கடலுக்குள் கல்லைக் கொட்டி எழுப்பிய இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். அவற்றுக்கு நடுவே நீர் குளம்போல் அசையாமல் இருந்தது. நிலக்கரி இறங்குவதையும், இருபதடி, நாற்பதடிப் பெட்டிகளைப் பாரந்தூக்கி தீப்பெட்டிபோல் எடுத்து அடுக்குவதையும் பார்த்தோம். ஒரு காற்றாலை இறக்கை எங்கள் பஸ்ஸைவிடப் பலமடங்கு நீளமாகக் கிடந்தது. அருகிலேயே 1979-ல் மின் உற்பத்தியைத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நின்றன.

"இங்கே கயிறு பிடிப்பவர் யார்?" என்று ஒருத்தி கேட்டாள். கப்பல் அணையும்போது வடத்தை வாங்கித் தூணில் மாட்டிய இரண்டு தொழிலாளர்களை டீச்சர் சுட்டிக் காட்டினார்கள். அவர்கள் உண்மையாகவே கயிறுதான் பிடித்தார்கள். எல்லாரும் சிரித்தோம், பிறகு அவர்களுக்குக் கையசைத்தோம். அவர்களும் அசைத்தார்கள்.

உப்பளம்

திரும்பும் வழியில் இருபுறமும் உப்பளம். கரும்பலகையில் கடைசியாக எழுதியிருந்த இடம் இதுவே.

மணி பதினொன்றரை. வெயில் வெள்ளைக் குவியல்களில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. சிலர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார்கள். "ஏட்டி, இந்த வெயிலில் யார் நிற்பார்கள்?" என்று என் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. டீச்சர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார்கள். "உப்பு எப்படி விளைகிறது? யாருக்காவது தெரியுமா?" என்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரியும், ஆயினும் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல், "உன் அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள்?" என்று தோழியர் கேட்டால் "ஒரு கம்பெனியில்" என்று சொல்லி வந்தேன். அது முழுப் பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல. பூங்காவில் டீச்சர் தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் குரலில் ஒரு கூச்சமும் இருக்கவில்லை. அது என் நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றேன்.

"என் அம்மா அளத்தில் வேலை பார்க்கிறார்கள், டீச்சர். நான் சொல்லட்டுமா?" என்றேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ பாத்திகளில் பாய்ச்சிப் படிப்படியாகக் காயவிடுவார்கள். கடல்நீர் 3 டிகிரி அளவில் இருக்கும். 25 டிகிரியை எட்டும்போது உப்புப் படியத் தொடங்கும். அளவிடும் கருவி உண்டு. ஆனால் அம்மா நீரைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நீரின் மேல் மெல்லிய ஏடு பூப்போலப் படரும். 29 டிகிரிக்கு மேல் போகவிட்டால் உப்பில் கசப்பு ஏறும். ஆகவே அந்த மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள். விளைந்த உப்பை நீண்ட பிடியுள்ள பலகையால் வாரிக் கரையில் சேர்த்துச் சுமந்து குவிப்பார்கள். வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்பே வேலை தொடங்கும். உப்புநீர் காலில் புண் உண்டாக்கும். வெள்ளையில் பட்ட வெயில் கண்ணைக் கெடுக்கும்.

தோழியர் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். "மழை வந்தால்?" மழைக்காலத்தில் வேலை இல்லை. 2022-ல் அரசு அதற்காக 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் அளங்கள் மூழ்கி, குவித்திருந்த உப்பும் கரைந்து போனது. பாத்திகளைச் சீர்செய்யும்வரை அம்மா வீட்டில் இருந்தார்கள். "ஒரு கிலோ உப்புக்கு அம்மாவுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு மட்டும் எனக்கு விடை தெரியவில்லை.

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிக உப்பு தருவது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு நம் மாவட்டத்தினுடையது என்று டீச்சர் முடித்து வைத்தார்கள். ஜன்னல் திரைகள் எல்லாம் திறந்திருந்தன. பன்னிரண்டரை மணிக்குப் பள்ளி வந்து சேர்ந்தோம்.

வீட்டில்

அன்று மாலை அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. "ஏன் சொன்னாய்?" என்று கேட்டார்கள். பிறகு, "பிள்ளைகள் என்ன கேட்டார்கள்?" என்றார்கள். கிலோவுக்கு எவ்வளவு என்ற கேள்வியைச் சொன்னேன். அம்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "கிலோக் கணக்கில் யார் எண்ணினார்கள்? நாளுக்குத்தானே கூலி" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

பின்பு அம்மா ஒன்று கேட்டார்கள். "கப்பல் கிட்டத்தில் எப்படி இருந்தது?" நாற்பது ஆண்டுகளாக இவ்வூரில் இருந்து, அளத்திலிருந்து தினமும் துறைமுகத்தின் விளக்குகளைப் பார்க்கும் என் அம்மா, உள்ளே சென்று ஒரு கப்பலைப் பார்த்ததில்லை! சோறு ஆறும்வரை, கிரேட் காட்டன் ரோட்டிலிருந்து தொடங்கி, இரண்டு வி.ஓ.சி.க்களையும், கயிறு பிடித்த மைத்துனரையும், பாரந்தூக்கியையும் ஒவ்வொன்றாக அம்மாவுக்குச் சொன்னேன். அன்றிரவு நானே வழிகாட்டி.

அடுத்த ஆண்டு இச்சுற்றுலா செல்லும் தங்கையருக்குச் சில குறிப்புகள்: துறைமுக அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். குடிநீரும் தொப்பியும் மறவாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டோடு நிறுத்திவிடாமல், அங்கே கயிறு பிடிப்பவர் யார் என்றும் கேளுங்கள். வீட்டுக்குப் போனதும், பார்க்காத ஒருவருக்கு முழுவதையும் சொல்லுங்கள்.

கொடைக்கானலுக்கு இனி என்றாவது போய்க்கொள்வோம்.

மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு